டவுன்ஹில் ஓட்ட பேட், ஆர்மர்: சென்னை வேர்வையில் எதை வாங்குவது?

வேளச்சேரி_ஹார்ட்டெயில் கேட்டது:

எண்டூரோ பைக் (மலைப்பாதை இறக்கத்துக்கான சைக்கிள்) ஒண்ணு எடுத்தாச்சு, 160 எம்எம் ட்ராவல், அதாவது சஸ்பென்ஷன் அமுங்கற அளவு. வார இறுதியில ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம், லீவு கிடைச்சா கோத்தகிரி. ஏற்றம் பெரும்பாலும் ஜீப்புல, இறக்கம் மட்டும் பைக்குல. பெடல் ஃப்ளாட், இரும்பு பின் வச்சது. இப்போதைக்கு கையில இருக்கறது ஓப்பன் ஹெல்மெட்டும் க்ளவுஸும்தான்.

மொத்த பட்ஜெட் 30,000 ரூபாய். முழு ஆர்மர் ஜாக்கெட் வாங்கறதா, தனித்தனியா பேட் வாங்கறதான்னு தெரியல. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல மோட்டார்பைக் கார்டு செட்டா நல்ல விலைக்குத் தர்றாங்க, அதுவே போதுமா? லெவல் 1, லெவல் 2ன்னு போட்டிருக்கறதுல நிஜமா வித்தியாசம் உண்டா? ப்ளாஸ்டிக் ஷெல்லா, டி3ஓ மாதிரி மெத்துன்னு இருந்து அடிபட்டா இறுகற வகையா? எதுவா இருந்தாலும் ஏப்ரல், மே மாசத்துல போட்டுக்கிட்டு ஓட்ட முடியணும். உயரம் 174 செ.மீ., எடை 71 கிலோ.

ஃபோர்க்_ஆயில் எழுதியது:

பட்ஜெட்டில் பாதியை ஹெல்மெட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள், 14 முதல் 16 ஆயிரம் வரை. அடுத்தது முட்டி. அதற்கும் பிறகுதான் முதுகு, முழங்கை எல்லாம். நிறையப் பேர் ஆர்மர் ஜாக்கெட்டில் ஆரம்பித்து, கடைசியில் மிஞ்சுகிற காசுக்கு ஏதோ ஒரு ஹெல்மெட் வாங்குகிறார்கள். அது தலைகீழ்.

ஹெல்மெட் ஃபுல் ஃபேஸாக இருக்க வேண்டும். ஆனால் தாடைக் கம்பி இருப்பதாலேயே அது டவுன்ஹில் ஹெல்மெட் ஆகிவிடாது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று இருக்கிறதா பாருங்கள். இறக்கம் ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்ட தரம் அது. தாடைப் பகுதியையும் அடித்துச் சோதிப்பார்கள். இஎன் 1078 (இஎன் என்றால் ஐரோப்பியத் தரம்) மட்டும் இருந்தால் அது சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான சோதனை, அதில் தாடைக்கு எந்தப் பரிசோதனையும் கிடையாது. தாடைக் கம்பியைக் கழற்றி மாட்டுகிற மாடல்களிலும் எஃப்1952 சான்று பெற்றவை உண்டு, பெறாதவையும் உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அளவு சரிதானா என்று பார்க்க, வாரை மாட்டாமல் ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர வேண்டும். தலை தனியாக, ஹெல்மெட் தனியாக ஆடினால் ஒரு சைஸ் பெரிது. புதிதில் கன்னப் பேட் கொஞ்சம் அழுத்தி, மெல்லும்போது உள் கன்னம் பல்லில் படுவது போல் இருந்தால் சரியான அளவுதான். சில வாரத்தில் அந்த ஸ்பாஞ்ச் அமுங்கி இடம் கொடுக்கும். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் அது அளவுப் பிரச்சினை இல்லை, ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. அந்த மாடலை விட்டுவிடுங்கள், பழகாது. கடைக்குப் போகும்போது காகிள்ஸையும் எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். சில ஹெல்மெட்டின் கண் திறப்பு சின்னது; ஃப்ரேம் மூக்கை அழுத்தி, பாதி வழியில் மூச்சு திணறும்.

பேடின் லேபிளுக்கு வருவோம். மவுண்டன் பைக் பேட்களையும் மோட்டார்பைக் தரத்தில்தான் சோதிக்கிறார்கள். கை, கால் மூட்டுகளுக்கு இஎன் 1621-1, முதுகுக்கு 1621-2, நெஞ்சுக்கு 1621-3. 50 ஜூல் ஆற்றலோடு ஓர் எடையை மேலே விழவிடுவார்கள். 5 கிலோவை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற மாதிரி. பேடைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். முட்டி, முழங்கை பேடில் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுக்கு இதே கணக்கு 18, 9.

இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகின் லெவல் 1 கூட முட்டியின் லெவல் 2-ஐ விடக் கண்டிப்பானது. மலிவான ஜாக்கெட்டுகளில் ‘சிஇ’ என்ற ஐரோப்பியக் குறியைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தோள், முழங்கைக்கு மட்டும் 1621-1 இருக்கும். முதுகில் இருப்பது வெறும் ஸ்பாஞ்சாக இருக்கலாம். ஒவ்வொரு பேடையும் வெளியே உருவி, அதன் மேல் அச்சான எண்ணைத் தனித்தனியாகப் பாருங்கள். ஜாக்கெட்டின் காலரில் தைத்த சீட்டை நம்ப வேண்டாம்.

எண் பக்கத்திலேயே ஏ அல்லது பி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் சின்னப் பரப்பு, பி என்றால் வழக்கமான பரப்பு. என் கருத்தில் முட்டிக்கு ‘லெவல் 2, டைப் ஏ’ வாங்குவதைவிட ‘லெவல் 1, டைப் பி’ நல்லது. விழும்போது முட்டிச்சில்லின் நடுவிலேயே அடிபடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு குறி டி ப்ளஸ் (T+). டி3ஓ வகைப் பேட் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியிருந்தால்தான் இந்தக் குறியைப் போடலாம். அது கட்டாயச் சோதனை இல்லை என்பதால் பல பேட்களில் இருக்காது. தோலோடு ஒட்டிக் கிடக்கிற பேட் எப்படியும் உடல் சூட்டில்தான் இருக்கும், அதற்கு மேல் மே மாத வெயில் வேறு. ஒரே விலையில் இரண்டு இருந்தால் இந்தக் குறி உள்ளதை எடுங்கள்.

முட்டிச்சில்லு எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா எந்த லெவல் பேடா இருந்தாலும் விழற நேரத்துல அது முட்டி மேல இருந்தாத்தான் உண்டு. பேட் தோத்துப்போறதுல பாதி அது கணுக்காலுக்கு இறங்கிப் போனதாலதான். அதுவும் வேர்வையில.

முதல்ல டேப் எடுத்து அளங்க. முட்டிச்சில்லோட நடுவுல பேனாவால ஒரு புள்ளி வச்சு, அங்கிருந்து மேல 15 செ.மீ.ல தொடைச் சுற்றளவு, கீழ 15 செ.மீ.ல கெண்டைக்கால் சுற்றளவு. சில பிராண்டு 10 செ.மீ.ல அளக்கச் சொல்லும், அவங்க சார்ட்டைப் பார்த்துட்டு அளங்க. நின்னுக்கிட்டு, தசையை இறுக்கிப் பிடிச்சு அளக்கணும். உயரம், எடை வச்சு சைஸ் சொல்ற சார்ட்டை நம்பாதீங்க. 71 கிலோல குச்சிக் காலும் உண்டு, உலக்கைக் காலும் உண்டு. தொடை ஒரு சைஸ், கெண்டைக்கால் ஒரு சைஸ்னு வந்தா தொடை அளவை வச்சு எடுங்க, கீழ ஸ்ட்ராப்பால சரி பண்ணிக்கலாம்.

கடையில போட்டுப் பார்க்கறப்போ நின்னுக்கிட்டு கண்ணாடி பார்க்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பத்து பதினைஞ்சு தடவை முழுசா உட்கார்ந்து எழுந்திரிங்க. முட்டியை மடக்கி வச்சு, உள்ளங்கையை பேட் மேல அழுத்தி பாதத்தை நோக்கி நல்லா தள்ளுங்க. அப்புறம் பக்கவாட்டுல. ரெண்டு விரல் அகலத்துக்கு மேல நகர்ந்தா அது தரையில உரசும்போது சுழண்டுக்கும். ஸ்ட்ராப் இல்லாம சாக்ஸ் மாதிரி ஏத்திப் போடற வகைல ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா சின்னதை எடுங்க, துணி போகப் போகத் தளரும். அதுக்காக ரத்த ஓட்டம் நிக்கற அளவு வேண்டாம். வீட்டுல அரை மணி நேரம் போட்டு உட்கார்ந்து பாருங்க. கால் விரல் மரத்துப் போச்சுன்னாலோ, முட்டி மடிப்புல தோல் கிள்ளினாலோ திருப்பி அனுப்பிடுங்க. அதுவரைக்கும் டேக்கை வெட்டாதீங்க.

மேல் விளிம்புக்கு உள்பக்கம் சிலிக்கான் பட்டை இருக்கும். வெறும் தோல்ல இருந்தாத்தான் அது பிடிக்கும். லெக்கிங்ஸ் மேல போட்டா வழுக்கும். காலுக்குத் தேங்காய் எண்ணெய், லோஷன் தடவியிருந்தாலும் வழுக்கும். உங்க ஊர் ஈரத்துக்கு சிலிக்கானை மட்டும் நம்பாம, மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெல்க்ரோ ஸ்ட்ராப் இருக்கறதா எடுங்க. பின்பக்கம் முட்டி மடிப்புல துணி இல்லாம ஓட்டையா விட்ட மாடலும் இருக்கு. வேர்க்குரு வர்றவங்களுக்கு அதுதான் தேவலை. முழுசா நியோப்ரீன்ல (ரப்பர் மாதிரி துணி) தைச்சது வேண்டவே வேண்டாம், காத்து போகாது, நாத்தம் போகாது.

ஷெல்லா, மெத்தையான்னு கேட்டீங்க. மெத்தைப் பேட் அடியை வாங்கிக்கும், ஆனா சொரசொரப்பான பாறையில பிடிச்சுக்கும். உடம்பு முன்னால போகும், பேட் அங்கேயே நிக்கும். ஷெல் சறுக்கிக்கிட்டே போகும். பெடல் போடறதுக்கு மெத்தைதான் சௌகரியம். நீங்க ஜீப்புல ஏறி இறக்கம் மட்டும் ஓட்டறதால, ஏலகிரி ஜல்லிக்கும் பாறைக்கும் மேல மெல்லிசா ஒரு ஷெல், உள்ள மெத்தைன்னு இருக்கற கலப்பு வகையை எடுங்க. கோத்தகிரி செம்மண்ணுக்கு மெத்தையே தாராளம்.

ஃப்ளாட் பெடல்னா முட்டியை விட முன்னங்காலுக்குத்தான் (முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்பு) அடிக்கடி வேலை. கால் வழுக்கினா பெடல் திரும்பி வந்து அதுல இருக்கற இரும்பு பின் கீறும், தையல் போடற அளவுக்கு. முட்டியும் முன்னங்காலும் சேர்ந்த நீளப் பேட் கிடைக்குது, சூடு அதிகம். ஃபுட்பால் ஷின் கார்டு ஒரு ஜோடி வாங்கி நீள சாக்ஸுக்குள்ள சொருகிக்கங்க, சில நூறு ரூபாய்ல முடிஞ்சுது. அதோட அடிப்பாகம் தட்டையா, ரப்பர் இளசா இருக்கற ஷூ போட்டா பாதி வழுக்கலே இருக்காது.

ஜிபி_ரோட்_வாசி எழுதியது:

பாஸ், ஜிபி ரோடு (ஜெனரல் பேட்டர்ஸ்) செட்டு விலையைப் பாத்து மயங்காதீங்க. நாலு பீஸு செட்டு, முட்டிக்கும் முழங்கைக்கும் கருப்பு ப்ளாஸ்டிக் மூடி, உள்ளாற அரை இஞ்ச் ஸ்பாஞ்சு. சர்டிஃபிகேட்னு எதுவும் இருக்காது. ஷெல்லைக் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க. உள்ள போயி உங்க எலும்பைத் தொட்டுச்சுன்னா அது சிராய்ப்புக்குத்தான் லாயக்கு, அடிக்கு இல்ல.

அதுக்காக மோட்டார்பைக் சாமான் எல்லாமே வேஸ்ட்னு இல்ல. நம்ம ஊரு ரைடிங் கியர் பிராண்டுங்க 1621-1 லெவல் 2 பேடைத் தனியா விக்கறாங்க. எம்டிபி (மவுண்டன் பைக்) ஷார்ட்ஸ்ல இடுப்புப் பாக்கெட் இருந்தா அதுல சொருகிக்கலாம். மோட்டோகிராஸ் (மண்பாதை மோட்டார்பைக் ரேஸ்) முட்டி கார்டுல ரெண்டு சிக்கல். நீங்க பெடல் மிதிக்கணும், மோட்டோகிராஸ் ஓட்டறவன் மிதிக்கத் தேவையில்ல. நூறு தடவை மடக்குனா மடிப்புல தோல் உரிஞ்சிடும். ரெண்டாவது, அகலம். உள்பக்கம் ஃப்ரேமுல இடிச்சு டக்கு டக்குன்னு சத்தம் வரும், சீட்டு இறக்கி வளைவுல சாயறப்போ மாட்டும்.

நெஞ்சு பக்கம் ஒரு விஷயம். ‘செஸ்ட் ப்ரொடெக்டர்’னு விக்கறதுல பாதி வெறும் கல்லுக் கவசம். இஎன் 14021னு போட்டிருப்பாங்க. முன்னாடி போற வண்டி டயர் எகிறி அடிக்கிற கல்லுக்கு அது. மரத்துல மோதுறதுக்கு 1621-3 வேணும்.

நெஞ்சு, வயித்துக்கு மொதல்ல ஒரு செலவில்லாத வேலை: ஹேண்டில்பார் ரெண்டு முனையிலயும் மூடி இருக்கான்னு பாருங்க. க்ரிப்பு தேஞ்சு ஓட்டையாப் போயி, அலுமினியக் குழா வெளிய தெரியும். பார் திரும்பி வயித்துல குத்துனா குழா வட்டமா வெட்டும், உள்ள கல்லீரல் மண்ணீரல் வரைக்கும் போற அடி அது. மூடி அம்பது நூறு ரூவாதான்.

வேளச்சேரி_ஹார்ட்டெயில்:

ரொம்ப நன்றி. ஜாக்கெட் ஐடியாவை ஓரங்கட்டிட்டேன். அப்போ முதுகுக்கு என்ன பண்றது? தண்ணி பை முதுகுல இருக்கு, அது தாங்காதா? காலர் போன் பயம்தான் எனக்கு அதிகம். நெக் பிரேஸ் பத்தி யாரும் சொல்லலையே?

ஃபோர்க்_ஆயில் எழுதியது:

தண்ணீர்ப் பையை வைத்து முதுகைக் கணக்குப் போட வேண்டாம். பைக்குள் பம்ப், மல்டி டூல், ஷாக் பம்ப் இருந்தால் விழும்போது அது நேராகத் தண்டுவடத்தில் பதியும். இரும்பு எதுவும் முதுகுப் பக்கம் படக்கூடாது. ஃப்ரேமில் கட்டுங்கள், இல்லையென்றால் இடுப்புப் பையில், அதுவும் பக்கவாட்டில். 1621-2 சான்று பெற்ற தகடு உள்ளேயே வைத்துத் தைத்த பைகள் தனியாகக் கிடைக்கின்றன. உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஒரே செலவில் தண்ணீருக்கும் ஆச்சு, முதுகுக்கும் ஆச்சு. இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் போடாமல் விட்டால் விழும்போது பை தலைக்கு மேல் ஏறிவிடும், தகடும் கூடவே போய்விடும்.

பை வேண்டாம் என்றால் வலைத்துணியில் தைத்த கையில்லாத பனியன் வகை எடுங்கள், ஜெர்சிக்கு உள்ளே போடலாம். லேபிளில் பரப்பைக் குறிக்கும் எழுத்து இருக்கும்: எஃப்பி முழு முதுகு, சிபி நடுமுதுகு, எல்பி இடுப்புப் பகுதி. எஃப்பி எடுங்கள். உங்கள் கழுத்தடியில் தடிக்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரை டேப்பால் அளந்து அதற்குத் தக்க நீளம் வாங்க வேண்டும். உட்காரும்போது கீழ் நுனி சீட்டில் இடித்துத் தகடு மேலே ஏறி, ஹெல்மெட்டின் பின் விளிம்பை முட்டினால் நீளம் அதிகம். செங்குத்து இறக்கத்தில் நிமிர்ந்து முன்னால் பார்க்க விடாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தகடு பாறையோ வேரோ நேராகக் குத்துவதைத் தடுக்கும். தலைகுப்புற விழுந்து முதுகெலும்பு மடங்குவதையும் நசுங்குவதையும் அது தடுக்காது. காலர் போனும் அப்படித்தான். கையை ஊன்றி விழும்போது விசை உள்ளங்கை வழியாக ஏறித் தோளுக்கு வரும், அல்லது தோளே தரையில் மோதும். தோள்பட்டைக் கிண்ணம் இரண்டாவதைக் கொஞ்சம் தணிக்கும், முதலாவதை ஒன்றும் செய்யாது. காலர் போனைக் காப்பாற்றும் என்று சொல்லி யாராவது ஜாக்கெட் விற்றால் வாங்காதீர்கள்.

நெக் பிரேஸ் பற்றிப் பேச்சு வந்தால் எந்த மன்றத்திலும் அடிதடிதான். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு பிரேஸின் மேல் விளிம்பில் போய்ச் சாய்ந்து, கழுத்து அளவுக்கு மீறி மடங்காமல் நிற்க வேண்டும்; வேலை அவ்வளவுதான். இது நடக்க மூன்றும் ஒத்துப்போக வேண்டும்: ஹெல்மெட் ஃபுல் ஃபேஸாக இருக்க வேண்டும், பிரேஸ் நெஞ்சிலும் முதுகிலும் பதிந்து உட்கார வேண்டும், இடையில் தடிமனான கவசம் இருக்கக் கூடாது. முதுகுத் தகட்டின் மேல் பிரேஸ் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு செ.மீ. உயர்ந்துவிடும், பிறகு தலையைத் தூக்கவே முடியாது. பிரேஸுக்கென்று மேலே வெட்டிவிட்ட அல்லது மேல் துண்டைக் கழற்றக்கூடிய கவசங்கள் உண்டு. உங்கள் பட்ஜெட்டில் இப்போது பிரேஸைச் சேர்த்தால் ஹெல்மெட்டில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். வேண்டாம். பெரிய ஜம்ப் போக ஆரம்பிக்கும்போது, இதே ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

முழங்கைக்கு மெத்தை வகை, லெவல் 1 போதும். மீதிப் பணம் வால் எலும்பிலும் இடுப்பிலும் பேட் வைத்த உள் ஷார்ட்ஸுக்குப் போகட்டும்.

உப்புக்காத்து எழுதியது:

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜீப்பில் ஏறும்போது முழங்கை பேட், ஹெல்மெட், முதுகுக் கவசம் எல்லாம் கழற்றிவிடுங்கள்; முட்டி பேடைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டாலே போதும். தள்ளிக்கொண்டு ஏறும் இடத்திலும் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொள்வது நல்லது. கவசத்துக்குள் வேர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. தலை கிறுகிறுத்தாலோ, வேர்வை சட்டென்று நின்றுபோனாலோ அடுத்த இறக்கம் கிடையாது. நிழல், தண்ணீர், ஓஆர்எஸ்.

சென்னையில் பேட் கெடுவது விழுந்து இல்லை, துவைத்துத்தான். வீட்டுக்கு வந்ததும் பையில் போட்டு மூடி வைத்தால் மறுநாளே பூஞ்சை வாடை. உள் பேடை உருவும் முன் இடது, வலது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், வளைவு மாறிப் போட்டால் முட்டியில் உட்காராது. வெல்க்ரோவை எல்லாம் மூடிவிட்டு (இல்லையென்றால் கொக்கிப் பக்கம் வலைத்துணியைக் கிழிக்கும்) வெளித்துணியை மட்டும் பக்கெட் தண்ணீரில் திரவ சோப்பு கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்துக் கையால் அலசுங்கள். வாடை போகவில்லை என்றால் கடைசித் தண்ணீரில் அரை மூடி வெள்ளை வினிகர். ப்ளீச் வேண்டாம், துணிக்குப் போடும் கம்ஃபர்ட் வகையறா வேண்டாம். அது எலாஸ்டிக்கில் படிந்து வழுக்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அமுக்குங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் எலாஸ்டிக் மொறுமொறுத்துப் போகும், சிலிக்கான் பட்டை உரியும். ஃபேனுக்கு அடியில் நிழலில் போடுங்கள். உருவிய உள் பேடை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் காய இரண்டு நாள்கூட ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போது திரும்பச் சொருகாதீர்கள்.

கார் டிக்கியில் வாரக்கணக்கில் போட்டு வைப்பதும் கூடாது. சூட்டில் ஷெல்லை ஒட்டிய பசை விட்டுப்போகும், ஹெல்மெட்டுக்கும் அது ஆகாது.

வேளச்சேரி_ஹார்ட்டெயில்:

கடைசியா ஒண்ணு. ஊருக்குப் போற ஒருத்தர் ஹெல்மெட்டும் முட்டி பேடும் செகண்ட் ஹேண்டா பாதி விலைக்குத் தர்றேன்றார். எடுக்கலாமா?

முட்டிச்சில்லு எழுதியது:

பேட் எடுக்கலாம், நேர்ல பார்த்து. உள் பேடை உருவி ரெண்டா மடக்குங்க. மடிப்புல வெடிப்பு வந்தாலோ, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பலேன்னாலோ வேண்டாம். சிலிக்கான் பட்டையை நகத்தால சுரண்டிப் பாருங்க, உரிஞ்சு வந்தா வேண்டாம். ஸ்ட்ராப்பை இழுத்து விடுங்க, எலாஸ்டிக் சுருங்கித் திரும்பணும். உங்க தொடை அளவுக்குச் சரியா வரலேன்னா சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.

ஹெல்மெட் வேண்டாம். உள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரி நுரை ஒரு தடவை நசுங்கினா திரும்ப எழும்பாது. அது நசுங்கினது வெளி ஷெல்லைப் பார்த்தா தெரியாது, கன்னப் பேடைக் கழட்டிப் பார்த்தாக்கூட எல்லா இடமும் கண்ணுக்குத் தெரியாது. அவர் நல்லவராவே இருக்கட்டும், மாடியில இருந்து ஒரு தடவை கீழ விழுந்ததை அவரே மறந்திருப்பார்.